தூங்குமூஞ்சி மாமாவைத் தூக்கியவள்

என் தம்பி பெண்டாட்டி பாஸாகிவிட்டாள். எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வயிற்றில் எதுவும் தங்காது. நல்ல சேதி என்றால் சுத்தமாகத் தங்காது. நேற்று மத்தியானத்திலிருந்து எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குப்பை வண்டிக்காரர், "யாரும்மா பாஸு? எதுல பாஸு?" என்று கேட்டார். நின்று பதில் கேட்க அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தையற்காரி. திரைச்சீலை தைப்பது, பேண்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பு பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்துவிடுவது, இதுதான் பிழைப்பு. இரண்டாவது மாடியில் வீடு, வீட்டிலேயே மெஷின், நான் தனி ஆள். எனக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில் தம்பி குடும்பம். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாத்தனார் காலடியிலேயே குடியிருக்கிறாளே என்று தம்பி பெண்டாட்டிக்காகப் பரிதாபப்படுகிறவர்கள் உண்டு. பரிதாபப்பட வேண்டியது எனக்காக. இந்த வருஷம் முழுக்க என் தலைக்கு மேலே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகி வந்த அன்று தம்பியின் தோளுக்குக் கீழே நின்றாள். "என்னம்மா, இவ்ளோ பொடிசா இருக்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன், அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படுவதற்கும் நேரம் வேண்டுமே.

நேரம்தான் அந்த வீட்டில் இல்லவே இல்லாத சாமான். தம்பிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பி மத்தியானம் வருவான். பொடிசு ஆஸ்பத்திரி வார்டில் உதவியாள். மத்தியானம் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வருவாள். அவன் இறங்கும் பஸ்ஸில் அவள் ஏறுவாள். பஸ் படிக்கட்டில்தான் சின்னவனைக் கை மாற்றிக்கொள்வார்கள். "சாப்டாச்சு, மூக்கு ஒழுகுது, மருந்து மேல் தட்டுல இருக்கு." புருஷன் பெண்டாட்டிப் பேச்சு அன்றைக்கு அவ்வளவுதான். டிரைவர் நல்ல மனுஷர், ஹாரன் அடிக்காமல் கொஞ்சம் பொறுப்பார்.

சின்னவனுக்கு மூன்று வயது. காலை முழுக்க அம்மாவோடு இருப்பான். பெரியவளுக்கு எட்டு வயது, பள்ளிக்கூடம் போகிறவள். அவள் வீடு திரும்பும்போது அம்மா இருக்க மாட்டாள். வாரநாளில் அவள் அம்மாவோடு இருப்பது காலையில் தலை பின்னும்போது மட்டும்தான், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு நாள் பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போது திரும்பாமலே கேட்டிருக்கிறாள்: "அம்மா, பள்ளிக்கூட நாள் சாயங்காலத்துல நீ எப்படிம்மா இருப்ப?"

பொடிசு அன்றைக்கு வேலைக்குப் போகிற வழியில் என் வீட்டுக்குள் வந்து, மெஷின் பக்கத்தில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகிறவர்களைச் சமாளிக்கத் தெரியாது. திட்டத்தான் தெரியும். "அழுதா வேலை மாறிடுமா? அங்க வேற வேலை ஏதாவது இருக்கான்னு கேளு, போ" என்று விரட்டினேன். கேட்டாள். இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் பகல் வண்டி என்று ஒன்று ஓடுகிறது. நடக்க முடியாத நோயாளிகளைக் காலையில் வீட்டிலிருந்து சிகிச்சைக்கு அழைத்து வந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கெல்லாம் வண்டி ஷெட்டுக்குப் போய்விடும். அதில் உதவியாள் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார். பொடிசு விண்ணப்பிக்கலாம். ஆனால் எங்கள் கட்டடம் மாதிரியே லிஃப்ட் இல்லாத கட்டடங்கள்தான் எங்கே பார்த்தாலும். அதனால் ஒரு சோதனை வைப்பார்கள். ஸ்ட்ரெச்சரில் ஆள் கனத்துக்கு ஒரு பொம்மையைக் கட்டி, இன்னோர் ஆளோடு சேர்ந்து தூக்கி, மாடிப்படியில் கீழ்த்தளம் வரை இறக்க வேண்டும். நடுவில் எங்கேயும் வைக்கக் கூடாது.

தம்பி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். "நீயா? ஸ்ட்ரெச்சரா? உன்னையே அதுல படுக்க வச்சுத் தூக்கிட்டுப் போயிடுவாங்கடி!" நான் அவன் மண்டையில் ஒன்று வைத்தேன். பொடிசு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

சில நாள் கழித்து, காலையில் வழுக்குகிற துணி ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே 'தொம்'. விளக்கு ஆடியது. ஊசி முறிந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம். செருப்புகூடப் போடாமல் மேலே ஏறினேன்.

கதவு திறந்துதான் கிடந்தது. சமையலறைத் தரையில் பாய். பாய்மேல் பொடிசு குப்புறக் கிடந்து, கைகளை ஊன்றி எழும்பப் பார்க்கிறாள். முதுகில் சின்னவன் குதிரைச் சவாரி. பெரியவள் யூனிஃபார்மோடு, கையில் கரண்டியோடு, அடுப்பில் இருந்த குக்கரையே முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னடி நடக்குது இங்க? கட்டடம் இடியுதா?"

"தண்டால் அண்ணி" என்றாள் பொடிசு தரையைப் பார்த்து.

"தொம்முனு என்ன விழுந்துச்சு?"

"பெட்டி. உள்ள பழைய புஸ்தகம் வச்சுத் தூக்கிப் பாத்தேன். பிடி பிஞ்சிடுச்சு."

"அத்தை, பேசாதீங்க!" பெரியவள் கரண்டியைத் தூக்கினாள். "இன்னும் விசில் வரல. விசில் வர்ற வரைக்கும் அம்மா நிறுத்தக் கூடாது."

குக்கர்தான் கடிகாரம். ஒரு விசிலிலிருந்து அடுத்த விசில் வரைக்கும் தண்டால். அடுத்த விசில் வரைக்கும் உட்கார்ந்து எழுவது. சோறு வெந்து ஆவி அடங்குகிற வரைக்கும், சின்னவனை முதுகில் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறி இறங்குவது. பிசியோதெரபி அறையில் வேலை செய்யும் பெண் முறையெல்லாம் காட்டிக்கொடுத்திருந்தாள். முதுகு வளையக் கூடாது, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும், குதிகாலை அழுத்தி எழ வேண்டும், பாரம் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும்.

"ஜிம்முன்னு ஒண்ணு கட்டி வச்சிருக்காங்களே, அங்க போக வேண்டியதுதானே?" என்றேன்.

"போய் உடுப்பு மாத்துறதுக்குள்ள வேலைக்கு நேரமாயிடும் அண்ணி. இவன எங்க விடுறது?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"உங்களுக்கு ஊசி ஒடஞ்சாலே கோவம் வருதே. இவன் ஒடைக்கிறது ஊசியோட நிக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் விசிலும் வந்தது. பொடிசு அப்படியே பாயில் சரிந்தாள். சின்னவன் "இன்னொரு வாட்டி!" என்று அவள் இடுப்பில் குதித்தான். அந்த வீட்டில் சோறு நேரத்துக்கு வேகும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. இருந்தாலும் என் அலமாரியில் கிடந்த தடித்த கான்வாஸில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன், பையனை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொள்ள. வெறுமனே திட்டிவிட்டுப் போவதற்கு நான் என்ன கதையில் வரும் நாத்தனாரா?

பெட்டி போனதிலிருந்து பிள்ளைகள்தான் சாமான். சின்னவனை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்து எழுந்தாள். தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடி வரை ஏறி இறங்கினாள். பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட்டின் பிள்ளைகளையும் கடன் கேட்டு வாங்கினாள். டைப்பிஸ்ட் சந்தோஷமாக அனுப்பிவைத்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் நிம்மதியாகக் குளிக்க முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொடிசு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளோடு படியேறிப் போனதை என் வாசலில் நின்று பார்த்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் கால் தடுமாறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்னொன்றும் நடந்தது. கரண்டிப் பொறுப்பிலேயே இருந்த பெரியவள், மற்ற பிள்ளைகள் போன பிறகு, "அம்மா, இப்ப நான்" என்று கையை விரித்துக்கொண்டு வந்தாள். பொடிசு அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். அன்றைக்கு அவளிடம் மிச்சமிருந்த தெம்பெல்லாம் படியிலேயே தீர்ந்திருந்தது. பெரியவளின் கால் தரையை விட்டுக் கிளம்பியது, உடனே தரைக்கே வந்தது. "நீ கனமாயிட்டடா தங்கம்" என்றாள் பொடிசு சிரித்துக்கொண்டே. அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. பெரியவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. டைப்பிஸ்ட் பிள்ளைகள் வரிசையில் நின்று சண்டை போட்டாலும், "நான் பெரிய பொண்ணு, எனக்கெல்லாம் வேணாம்" என்று கரண்டியோடு ஒதுங்கி நின்றுகொள்வாள். எட்டு வயதில் என்ன பெரிய பெண்? எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எங்கே கை வைத்தாலும் வேலை இருந்த சமயம் அது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

சோதனை நாள் வந்தது. தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் கடையடைத்த மாதிரி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, சின்னவனைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டின் அடியில் எங்களை நிற்கவைத்தார்கள். மேலே பொடிசும், வண்டியில் ஏற்கனவே வேலை செய்யும் மீசைக்காரர் ஒருவரும். வண்டிப் பொறுப்பாளர் ஒரு பெண், கட்டையான உடம்பு, சிரிக்கக் காசு கேட்பாள் போலிருந்தது.

முதல் மாடி இறங்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன நிதானம்! முதுகு வளையவில்லை, முழங்கால் நடுங்கவில்லை. "அங்க பாருடா உங்கம்மாவ!" என்று சின்னவனைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த வளைவில் பொடிசின் முகம் மாறியது. கால் நின்றது. "அண்ணா, அண்ணா, கை..." என்றாள். அவ்வளவுதான். அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. மீசைக்காரர் முட்டுக்கொடுத்துச் சமாளித்தார். ஆனால் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை படியில் இடித்தது. பொம்மையின் தலை தொங்கிப்போனது. பொம்மைதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

பொறுப்பாளர் இறங்கி வந்து பொடிசின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"கால் நல்லா இருக்கு. முதுகு நல்லா இருக்கு. எங்க வண்டிப் பசங்களவிட ஒழுங்கா இறங்குற. ஆனா கை விட்டுடுச்சேம்மா. அந்த இடத்துல நிஜ ஆள் இருந்திருந்தா?"

பொடிசு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓய்வு பெறப் போறவருக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள இன்னொரு வாட்டி வைக்கிறேன். ஒரே ஒரு வாட்டிதான். அப்பவும் முடியலன்னா வேற ஆள் பாக்கணும், கோவிச்சுக்காத."

திரும்பும் பஸ்ஸில் பொடிசு ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டு புள்ளைங்கள சேத்துத் தூக்குனேனே அண்ணி. அந்த பொம்மைல என் பங்கு அவ்ளோதானே இருக்கும். எப்படி விட்டேன்?" பெரியவள் சாயங்காலம் வந்து கேட்பாளே, என்ன சொல்வது என்றே என் மனசு அடித்துக்கொண்டது. சின்னவன் பொடிசின் மடியில் தூங்கிப்போயிருந்தான்.

எங்கள் ஸ்டாப்பில் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கட்டடத்துக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் ஏறியவள் நின்றுவிட்டாள். அவனை மறுபக்கம் மாற்றினாள். இன்னும் நாலு படி. திரும்பவும் நின்றாள்.

"என்னடி ஆச்சு?"

"இவன் கனக்குறான் அண்ணி."

"காலைல இவனையே தூக்கிட்டு மொட்ட மாடி வரைக்கும் போனவதானே நீ?"

"அதான் எனக்கும் புரியல."

"தூங்குறான்ல, அதான் கனக்குறான். தூங்குற புள்ள கனக்கத்தானே செய்யும்?"

நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எந்த அம்மாவுக்கும் தெரிந்த சங்கதிதான் அது. பொடிசு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவனின் கையைத் தூக்கித் தன் கழுத்தில் போட்டாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது. திரும்பவும் போட்டாள். திரும்பவும் விழுந்தது.

"அண்ணி!" என்று கத்தினாள். "இவன் என்னைப் பிடிச்சுக்கல!"

"தூங்குற புள்ள எப்படிடி..."

"இல்ல அண்ணி, கேளுங்க. முழிச்சிருக்கறப்ப கழுத்தக் கட்டிப்பான். காலால இடுப்ப இறுக்கிப்பான். டைப்பிஸ்ட் புள்ளைங்களும் அப்படித்தான். பாதி வேலைய அதுங்களே பாத்துக்கிட்டுதுங்க. நான் தூக்கவே இல்ல, அதுங்க தொங்கிக்கிட்டு வந்துச்சு. போதாததுக்கு நீங்க வேற பட்டை தச்சுக் குடுத்தீங்க. என் கை சும்மாதான் இருந்துச்சு!"

அந்தப் படிக்கட்டில், சோதனையில் தோற்றுப்போய் வந்த அரை மணிக்குள், இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். சின்னவன் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து புது முறை. பிள்ளைகளைத் தூங்குகிற மாதிரி நடிக்கச் சொன்னாள். நடக்கிற காரியமா? சின்னவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அம்மா, நான் தூங்குறேன்" என்று விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தான். டைப்பிஸ்ட் பிள்ளைகளோ, தூக்கினவுடன் கிளுகிளுவென்று சிரித்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டுவிடும். பெரியவள் கரண்டியை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்: "பிடிக்காதீங்கடா! தூங்குறவங்க பிடிக்க மாட்டாங்க!"

கடைசியில் நான் களத்தில் இறங்க வேண்டியதாயிற்று. தம்பியின் பழைய வேலை பேண்ட்டை எடுத்தேன். கால் முனைகளை மூடி இரட்டைத் தையல் போட்டேன். அதே துணியில் மேல் உடம்பும், தலையும், தொங்குகிற இரண்டு கைகளும் வைத்துத் தைத்தேன். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து மணல் கேட்டு வாங்கி, பைகளில் கட்டி உள்ளே அடைத்தோம். வாரம் ஒரு பை கூடுதலாக அடைக்கிற மாதிரி முதுகில் ஜிப் வைத்தேன். ஜிப் வைக்காமல் விட்டால் நான் என்ன தையற்காரி? சின்னவன் அதன் மூஞ்சியில் மூடிய கண் இரண்டை வரைந்தான். தூங்குமூஞ்சி மாமா என்று பெயர் வைத்தார்கள்.

தம்பி வேலை முடிந்து வந்து சோபாவைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டான். "அக்கா, யாரு என் பேண்ட்டப் போட்டுக்கிட்டு என் எடத்துல படுத்திருக்கறது?"

"நீ சிரிச்சல்ல, அதுக்குத்தான் வேற ஆள் வச்சிருக்கோம்."

"தூங்குறது, நகராம கெடக்குறது, ஒரு கையும் குடுக்காதது. எல்லாம் என்னை மாதிரியே இருக்கே" என்று தலையைச் சொறிந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே மாமாவின் கால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பொடிசு தலைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, மாடியிலிருந்து இறங்கினான். ஒரு மாடி முடிவதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் இன்னொரு முனைக்கு அவன்தான்.

கைக்கென்று தனிப் பாடமும் உண்டு. துவைத்த ஜீன்ஸையும் போர்வையையும் வாஷிங் மெஷினில் பிழியாமல் கையாலேயே முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் நிறைந்த வாளியை ஈரத் துண்டால் கட்டி, துண்டை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு விசில் வருகிற வரை நடந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போனாள். எட்டாததால் குதித்துத்தான் பிடிப்பாள். பஸ்ஸில் எல்லாரும் பார்ப்பார்களாம். "பாக்கட்டும் அண்ணி" என்றாள். கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்ப்பு காய்த்தது. மாமாவும் பருத்துக்கொண்டே போனார். எனக்கு ஊசிகள் முறிந்துகொண்டே இருந்தன. ஆனால் நான் மேலே போய் சண்டை போடவில்லை. 'தொம்' என்று கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு, "விடாதடி, பிடி!" என்று சீலிங்கைப் பார்த்துச் சொல்லிக்கொள்வேன்.

நேற்று காலை இரண்டாவது சோதனை. இந்தத் தடவை தம்பி சண்டை போட்டு லீவு வாங்கிவிட்டான். நாங்கள் மூன்று பேரும் அதே படிக்கட்டின் அடியில். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. சின்னவனின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. முதல் மாடி. அந்த வளைவு. அங்கே சத்தம் நின்றது. போச்சு என்று நினைத்தேன். தம்பி என் தோளைப் பிடித்து நசுக்கினான்.

"ஏன் நிக்குற?" பொறுப்பாளரின் குரல்.

"பொம்மையோட கட்டு ஒண்ணு தளர்ந்திருக்கு மேடம்" என்றது பொடிசின் குரல். "கீழ வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீங்க கட்டிடுங்க."

கண்ணைத் திறந்து பார்த்தேன். ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது. கை மட்டும் அசையவில்லை. பொறுப்பாளர் கட்டை நிதானமாக இறுக்கினாள். வேண்டுமென்றே நிதானமாகச் செய்தாளோ என்று எனக்குச் சந்தேகம். பிறகு இறங்கினார்கள். கீழ்த்தளம் வந்து, பொறுப்பாளர் வைக்கச் சொன்ன பிறகுதான் வைத்தாள். பொறுப்பாளர் திரும்பவும் அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தாள், காய்ப்பைத் தடவினாள். "பகல் வண்டி சீக்கிரமே கிளம்பிடும், நேரத்துக்கு வந்துடணும்" என்றாள். சிரித்தும்விட்டாள்.

வயிற்றில் பாலை வார்த்தாள் மகராசி! தம்பி ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் விசிலடித்தான். விசிலைக் கேட்டதும் சின்னவன், "அம்மா, நிறுத்தலாம்!" என்றான்.

சோதனைக்காக வார்டில் லீவு சொல்லியிருந்தாள். நேற்று சாயங்காலம் பள்ளிக்கூட பஸ் வந்து நின்றபோது ஸ்டாப்பில் நின்றது பொடிசு. பெரியவள் படியில் இறங்கினவள், அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இறங்க வந்த பிள்ளைகள் முட்டிக்கொண்டன. பிறகு மெதுவாகக் கிட்டே வந்து, நிமிர்ந்து அம்மாவின் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாளாம். "சாயங்காலத்துலயும் இப்படித்தான் இருக்கியா?" என்று கேட்டாளாம்.

எல்லாரும் என் வீட்டில்தான் சாப்பிட்டோம். தம்பி கொண்டுவந்த ரொட்டி, நான் செய்த முட்டை, பேச்சு, கூச்சல். துணிக் குவியலைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம். தம்பி சின்னவனைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். பொடிசு தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால், பெரியவள் என் சோபாவில் திரைச்சீலைத் துணிகளுக்கு நடுவே படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. ஒரு கை சோபாவிலிருந்து தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டாளா?" என்றாள் பொடிசு.

நான் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் என்னிடம் இன்னொரு ரொட்டி கேட்டவள் அவள். எழுப்பிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். பிறகு அந்தத் தொங்குகிற கையைப் பார்த்தேன். தூங்குமூஞ்சி மாமாவின் கை அப்படித்தான் தொங்கும். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அத்தனை நாளாகக் கரண்டியோடு ஓரத்தில் நின்று, அம்மா அந்த மணல் மாமாவைக் கட்டிப் பிடித்துத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அது.

"ஆமாண்டி, தூங்கிட்டா. அசந்து தூங்குறா" என்றேன்.

பொடிசு சோபா பக்கத்தில் வந்தாள். இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள், ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்கு அடியிலும் கொடுத்தாள், உடம்போடு சேர்த்து அணைத்தாள், எழுந்தாள். சிரமமே இல்லை. பெரியவள் கை, கால், தலை எல்லாவற்றையும் தொளதொளவென்று விட்டுவிட்டாள். கொஞ்சமும் பிடித்துக்கொள்ளவில்லை. டைப்பிஸ்ட் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒழுங்காகச் செய்துகாட்டினாள்.

நான் கதவைத் திறந்துவிட்டேன். பொடிசு படியேறினாள். வளைவில் ஒரு நிமிஷம் நின்று, குனிந்து பெரியவளின் காதருகே ஏதோ சொன்னாள். படிக்கட்டில் கிசுகிசுத்தாலும் கேட்கும்.

"பரீட்சை முடிஞ்சுதுடா தங்கம். இனிமே பிடிச்சுக்கலாம்."

தொங்கிக்கொண்டிருந்த கைகள் இரண்டும் மேலே போய் அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டன. முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். பொடிசு மிச்சப் படிகளை மெதுவாக, அவசரமே இல்லாமல் ஏறினாள்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கப் பார்த்தேன், உடனே நுழையவில்லை. மேலே அவர்கள் நடக்கும் சத்தம் கேட்டது, பிறகு கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது. 'தொம்' என்று எதுவும் விழவில்லை.